மயில் கழுத்தில் ஒரு செங்கல் நிறப் புள்ளி

பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகி மூன்று நான்கு வருடம் இருக்கும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக வேலை பார்த்தேன். எட்டுக் கட்டில், ஊசி போட ஒரு அறை, பின்பக்கம் ஒரு லேப். தரையைக் கூட்டுவது, கட்டிலைத் துடைப்பது எல்லாம் என் வேலைதான். ஆனால் பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், லேப்பில் இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். பொய் இல்லை. லேப்பில் கண்ணாடிக் குழாய் கழுவுவது நான்தானே.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதி முடிக்கவே ஒன்பது நாள் ஆகிவிட்டது. இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனால் லேப்பில் படிக்க என்ன இருக்கிறது, எல்லாம் நிறம்தான். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அப்போது ஒரு நீல மருந்து உண்டு. அதைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை ஆனால் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு மேல் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. செங்கல் நிறம் வந்துவிட்டால் அந்த ஆளுக்கு அன்றோடு கல்யாணச் சாப்பாடு முடிந்தது. சீட்டு டாக்டரம்மாவின் மேசைக்குப் போவதற்கு முன்பே நான் வாசல் பெஞ்சுக்குப் போய்ச் சேதி சொல்லிவிடுவேன்.

லேப் பார்த்தவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சவுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து வருடம் இதே வேலை செய்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். முகத்தில் சிரிப்பே வராது. பேச்சில் மட்டும் ஊசி இருக்கும். "அக்கா, நீங்க ரிசல்ட்டு சொல்லிடுறீங்க, டாக்டரம்மா மருந்து எழுதிடுறாங்க. நான் நாளையிலேர்ந்து தரைய கூட்டட்டுமா?" என்று கேட்பார்.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. நாலு பிள்ளையும் வீட்டிலேயே பெற்றவள். என் உடம்பில் ஊசி ஏறியதே கிடையாது. அதை நான் சும்மா வைத்துக்கொள்ளவும் இல்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை அதிகமாகக் கேட்டவள் என் நாத்தனார். குன்னத்தில் வாழ்க்கைப்பட்டவள், என்னைவிட ஆறு வயது இளையவள். சர்க்கரை வந்து, கவனிக்காமல் விட்டு, இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடியே வெளியே வருவேன்.

"ஆரஞ்சு. எங்க போயி என்னா தின்ன?"

"ஒரே ஒரு லட்டு அண்ணி. அதுலயும் பாதி."

"பாதி லட்டுக்கு ஆரஞ்சு வராது புள்ள. நாக்கக் கட்டணும். என்னையப் பாரு, ஒண்ணு உண்டா எனக்கு?"

அவள் என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நான் மறைத்தது வேறு. மார்கழியில் மக்காச்சோளக் காட்டில் என் வலது காலில் கருவேல முள் ஏறியிருந்தது. மாசி பிறந்தும் புண் ஆறவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துத் துணி சுற்றி, சேலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டேன். வலித்தாலாவது கவலைப்பட்டிருப்பேன், வலிக்கவே இல்லை. வலிக்காததைப் போய் யாராவது புண் என்பார்களா? அதோடு, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே காலை நீட்டுவதா? பாய் மட்டும் ஒரு நாள், "ஏன்க்கா சாஞ்சு நடக்குறீங்க?" என்றார்.

"செருப்பு தேஞ்சிருச்சு பாய்."

"ஒத்தச் செருப்பு மட்டுமா தேயும்?"

எனக்கு வேலை இருப்பது அப்போது ஞாபகம் வந்தது.

மாசியில் டாக்டரம்மா குன்னத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச சர்க்கரை முகாம் வைத்தார். அதற்கு முன்னால் நடத்திய முகாமுக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள், அதில் மூன்று பேர் கண்ணாஸ்பத்திரி என்று நினைத்து வந்தவர்கள். "எழுதி ஒட்டினா யாரு படிக்கிறாங்க? பாத்த ஒடனே நிக்கிற மாதிரி எதாவது வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. பாய், ஐந்து நிறத்துக்கு ஐந்து குழாயை வரிசையாக நிறுத்தலாம் என்றார்.

அஞ்சு குழாயைப் பார்க்க எவன் வெங்காயக் காட்டை விட்டு வருவான்? பின்கட்டில் ஊசி மருந்து தீர்ந்த காலிப் புட்டிகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அதை வரிசையாக வைத்தால் அதுதான் புள்ளி. புள்ளி இருந்தால் கோலம். நான் சொன்னேன்: "மயிலு வைக்கிறேன் டாக்டரம்மா. கழுத்துக்கு நீலம், தோகைக்குப் பச்ச, தோகைக் கண்ணுக்கு மஞ்சளும் ஆரஞ்சும், அலகுக்கும் காலுக்கும் செங்கல். உள்ள மருந்து, வெளிய மயிலு."

டாக்டரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "செய்யுங்க. ஆனா பள்ளிக்கூடத்துல நோயாளிங்களோட சிறுநீரக் கொண்டுபோயி வைக்கக் கூடாது. தண்ணில குளுக்கோஸ் கரைச்சு நெறத்த எடுங்க" என்றார்.

பாயும் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "எங்க மார்க்கப்படி உசுரு உள்ளத நான் வரைய மாட்டேன்க்கா. நெறம் என் பொறுப்பு. மயிலு ஒங்க பொறுப்பு."

"சரி, நீங்க ஆக்குங்க, நான் பரிமாறுறேன்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். இருநூறுக்கு மேல் புட்டி கழுவிக் காய வைத்திருந்தேன். அத்தனையும் ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிக் காய்ச்ச முடியாது என்று என் வீட்டு இட்லிக் கொப்பரையைத் தூக்கி வந்தேன். பாய் அதைச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கப்புறம் இதுல இட்லி ஊத்த மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது, "நாலு பாத்திரத்துல நாலு அளவா குளுக்கோஸ் கரைச்சு வைங்க, வந்து காய்ச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலமாரியில் குளுக்கோஸ் பாக்கெட் பிரிக்காமல் புதிதாக இருந்தது. மயக்கம் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. அதைப் போய் மயிலுக்கா பிரிப்பது என்று எனக்கு மனசு வரவில்லை. சீனி என்றால் சீனிதானே. டீ போடுகிற டப்பாவை எடுத்து ஒரு கரண்டி, இரண்டு, மூன்று, நான்கு என்று அளந்து கரைத்து வைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. எல்லாம் கரைசலாகவே இருந்தால் மயில் வெறும் பொம்மை. சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பது போல, இதிலும் ஒரு புள்ளி உயிருள்ளதாக இருக்க வேண்டும். கழுத்துக்கு நடுவில் ஒரு நீலம், நோயில்லாத உடம்பிலிருந்து வந்த நிஜமான நீலம். அந்த உடம்பு யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

பாய் திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் கையிலிருந்த தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அக்கா, மயிலு ஒங்க முருகனோட வாகனம். நானே சொல்லணுமா இத?" என்றார்.

"பசு மாட்டுக் கோமியத்த வூடு பூரா தெளிக்கிறோம். நான் என்ன பசு மாட்டுக்குக் கொறஞ்சவளா?"

"டாக்டரம்மா கூடாதுன்னாங்களே."

"நோயாளியோடதுதான் கூடாதுன்னாங்க. நான் நோயாளியா?"

பாய் ஒரு புட்டியில் நீல மருந்தை ஊற்றினார். நான் கொடுத்ததில் எட்டுச் சொட்டு எடுத்து மருந்தில் விட்டார். அடையாளத்துக்கு அந்தப் புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். கொப்பரையில் முதல் ஈடு நாற்பது புட்டி. நடுவில் நூல் கட்டின என் புட்டி, மற்றதில் எல்லாம் மருந்தோடு நான் கரைத்த சீனித் தண்ணீர். ஐந்து நிமிடம் கொதித்தது. மூடியைத் திறந்தேன்.

முப்பத்தொன்பது புட்டியும் சங்குப்பூ மாதிரி நீலம். நடுவில் ஒன்று மட்டும் செங்கல்.

பாய் குனிந்து பார்த்தார். "அக்கா, நூலு கட்டுனது எது?"

"நூலு மாறிருச்சு."

"கட்டுனது நீங்க."

"அப்ப புட்டி சரியா கழுவல."

"கழுவுனதும் நீங்கதான்."

மறுபடியும் செய்தோம். சீனித் தண்ணீரில் இன்னும் நாலு கரண்டி போட்டுப் பாகு மாதிரி ஆக்கினேன், அதுவும் நீலமாகவே நின்றது. என்னுடையதைப் புதிதாகப் பிடித்து, வேறு குழாயில், அவரே கழுவி, அவரே காய்ச்சினார். செங்கல். போன தடவையைவிட நல்ல செங்கல்.

எனக்குத் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்தது. இரண்டு கையிலும் ஒவ்வொரு புட்டியாகப் பிடித்துக்கொண்டு நேரே டாக்டரம்மா அறைக்குப் போய்விட்டேன். பாய் பின்னாலேயே வந்தார்.

"டாக்டரம்மா, ஒங்க மருந்து கெட்டுப் போச்சு. எட்டுக் கரண்டி சீனி போட்ட தண்ணிய சீனி இல்லேங்குது. ஒண்ணுமில்லாத என்னைய சீனிங்குது. இத வச்சுத்தான் ஊருல உள்ளவனுக்கெல்லாம் மாத்திரை எழுதுறீங்களா? பாவம், என் நாத்தனாரு எத்தன வருசமா லட்டு திங்காம கெடக்குறா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "என்ன சீனி போட்டீங்க?" என்றார்.

"டீக்குப் போடுறது."

"அது இந்த மருந்துக்குத் தெரியாதும்மா. டீக்குப் போடுற சீனி, ரெண்டு சர்க்கரை ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது. மருந்து கூப்பிட்டா திரும்பியே பாக்காது. குளுக்கோஸ் தனியா நிக்கிறது. அதக் கூப்பிட்டாத்தான் நெறம் மாறும். ஒடம்புலேர்ந்து வர்றது அதுதான்."

"அப்ப என் தண்ணியில?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "தனியா நிக்கிறது நெறைய இருக்கு. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

பாய் என் காலைப் பார்த்தார். நான் சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போய், மறந்துவிட்டேன் என்றேன். அதற்கடுத்த நாளும் மறந்தேன். மூன்றாம் நாள் டாக்டரம்மாவே கேட்பதை விட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மயில் மட்டும் நன்றாக வளர்ந்தது. பாய் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து, அளவு வைத்து, புட்டி புட்டியாக நிறம் எடுத்துக் கொடுத்தார். என்ன நிறங்கள் அவை. ஜவுளிக்கடையில்கூட அந்தப் பச்சை கிடைக்காது. கொத்தமல்லித் துவையலில் தயிர் விட்டது போல ஒரு பச்சை. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் பூசணிப் பழம் போல ஒன்று தானாக வந்தது, அதைத் தோகைக் கண்ணுக்கு எடுத்துக்கொண்டேன். பெரிய பலகையில் வெள்ளை வேட்டி விரித்து, புள்ளி பிசகாமல் புட்டிகளை நிறுத்தினேன். கழுத்துக்கு வந்தபோது நீலத்தில் ஒன்று குறைந்தது. நடுக் கழுத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"இன்னொரு நீலம் குடுங்க பாய். மருந்த அப்படியே ஊத்துனாலும் போதும்."

"அந்த எடம் ஒங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மேசை இழுப்பறையைத் திறந்து நூல் கட்டின செங்கல் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார். ரப்பர் மூடி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, பத்திரமாக வைத்திருந்தார். "நெறம் என் பொறுப்புன்னு பேச்சு. எங்கிட்ட பொய் நெறம் இல்லக்கா."

அவர் நீல மருந்து பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் மற்றப் புள்ளிகளை நெருக்கிப் பார்த்தேன், மயிலுக்குக் கழுத்துக் கோணிக்கொண்டது. புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

முகாம் அன்று பள்ளிக்கூட வாசலில் பலகையை வைத்ததும் கூட்டம் நிற்க ஆரம்பித்தது. அந்த நிறங்களுக்கு ஒரு குணம் உண்டு. அரை மணி நேரம் விட்டால் அடியில் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு புட்டியாகக் குலுக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். "மயிலு மூச்சு விடுதுங்க" என்றார் ஒருவர். அவரைப் பிடித்து, இது சர்க்கரை இல்லாத ஆள், இது கொஞ்சம் இருக்கிற ஆள் என்று தோகையைக் காட்டிச் சொன்னேன். மனுஷன் அப்படியே உள்ளே போய் வரிசையில் நின்றார்.

பத்து மணிக்கு என் நாத்தனார் வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, மயிலுக்குக் கழுத்துல என்னா ஓட்ட?"

"ஒரு புட்டி ஒடஞ்சிருச்சு."

"நீ போட்ட கோலத்துல புள்ளி கொறையுமா? என் கல்யாணத்தப்ப தூத்தல்ல ஒரு புள்ளி கரைஞ்சதுக்கு, மாப்பிள்ள வூட்டாருங்கள ரோட்டுலயே நிக்க வச்சிட்டு மறுபடி மொதல்லேர்ந்து போட்டவ நீ."

நான் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். காலையிலிருந்து நின்றதில் புண்ணில் சுற்றிய துணி நனைந்து, மஞ்சளின் கறை சேலை விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. அவளுக்கு அந்தத் துணியைத் தெரியும். அவளும் சுற்றியிருந்தவள்தான்.

"எத்தன நாளா அண்ணி?"

"வலிக்கல புள்ள. சும்மா முள்ளு."

"எனக்கும் வலிக்கலதான்" என்றாள். "வெரலு கறுக்குறப்பகூட வலிக்கல."

அவள் அதை எனக்குத் திருப்பிக் கொடுப்பது போலச் சொல்லியிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நாலு வருடம் நான் அவளைச் சொன்ன சொல்லுக்கு அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவள் சொல்லிக் காட்டவில்லை. சும்மா சொன்னாள்.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். புட்டியை நன்றாகக் குலுக்கினேன். நடுக் கழுத்தில், அந்த ஓட்டையில் வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. அத்தனை நீலத்துக்கு நடுவில் அது ஒன்று மட்டும் எரிந்தது.

பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னாங்க அது, கழுத்துல செவப்பு?" என்று கேட்டார்.

"அது என்னுது" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் நின்ற பாய் பலகையைப் பார்த்து, "மாஷா அல்லா, இப்பத்தான் முழுசா இருக்கு" என்றார். என் நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "வா, வரிசையில எனக்குப் பின்னாடி நில்லு. வயசுல நீ மூத்தவளா இரு. இதுல நான்தான் மூத்தவ."

அன்று டாக்டரம்மா முள் குத்தின இடத்தைச் சுத்தம் செய்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்து அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. "இன்னும் பத்து நாள் போயிருந்தா பாதத்தையே யோசிக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். என் வாழ்க்கையில் முதல் ஊசி அன்றுதான் ஏறியது. அதற்கப்புறம் கணக்கே இல்லை. புண் ஆற வைகாசி ஆனது. விரல் எல்லாம் பத்திரம், ஒரு நகம்தான் போனது.

அந்த முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொண்டுபோன மருந்து மதியத்துக்குள் தீர்ந்து, பாய் பஸ் ஏறிப்போய் எடுத்து வந்தார். எல்லோரும் அந்த ஒரு சிவப்பைத்தான் கேட்டார்கள். நானும் சொல்லிச் சொல்லிச் சாயங்காலத்துக்குள் அதிலும் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. ரிசல்ட் வாங்கி வருகிறவர்களிடம், "ஒங்களுக்குப் பச்சதானா? நான் ஒரேயடியா செங்கல்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

மயிலை டாக்டரம்மா அறையிலேயே ரொம்ப நாள் வைத்திருந்தோம். வாரா வாரம் பாய் எனக்குச் சோதனை செய்து, கழுத்துப் புட்டியை மட்டும் மாற்றுவார். செங்கல் ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. ஆடியில் பச்சை. ஐப்பசியில் ஒரு வாரம் நல்ல நீலம் வந்து, மயில் ஒருவழியாக மயில் போல இருந்தது. பிறகு தீபாவளி வந்தது, அதிரசம் வந்தது, மறுபடியும் மஞ்சள். பாய் புட்டியை வைத்துவிட்டு, "பொன்மயில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விரலில் குத்தி ஒரு பெட்டியில் நம்பர் பார்க்கிறார்கள். நம்பர் எனக்குப் படிக்க வரும், ஆனால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நானும் என் நாத்தனாரும் இன்னும் ஒன்றாகத்தான் போகிறோம், வரிசையில் அவள்தான் முன்னால். அங்கே பெஞ்சில் யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்கெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொன்னால், முன்னைப் போல நான் வாய் கொடுப்பதில்லை. குனிந்து அவர்களுடைய காலைத்தான் பார்க்கிறேன்.